உங்கள் ராத்திரி எப்படி இருக்கிறது?



இந்த மாதப் பாடம் தூக்கத்தைப் பற்றியது. "தூக்கத்துக்கு என்ன பாடம்? படுத்தால் தூங்க வேண்டியதுதானே!" என்று சிலர் சிரிக்கலாம். படுத்தவுடன் தூங்குகிறவர்கள் சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் நம் நடுவிலே ராத்திரி ஒரு மணிக்கும், இரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களில் ஒரு சகோதரிக்கு நான் செய்த தவறை அறிக்கையிட்டுவிட்டுத்தான் எழுத முடியும்.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் 30 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஓ.பி.யில்தான், அதாவது வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிற நோயாளிகளின் பிரிவில். சீட்டு வாங்கி, பிரஷர் பார்த்து, வரிசையில் உட்கார வைப்பது என் வேலை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரி என்னிடம் வந்தாள். "அக்கா, ரெண்டு மாசமா தூக்கமே புடிக்கறதில்லீங்க. பொரண்டு பொரண்டு படுக்கறேன். எனக்காக ஜெபிச்சுக்குங்க" என்றாள். நான் ஜெபித்தேன். 127ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "விசுவாசம் கம்மியானாத்தான் கண்ணு இப்பிடி ஆகும். இன்னுங் கொஞ்சம் ஜெபத்துல உக்காரு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு தூக்கத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவள் மகள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கையில் மாத்திரை அட்டை. அரிசி டப்பாவுக்குள் இருந்ததாம். தூக்க மாத்திரை! மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, கடைசியில் மூன்று. அன்றைக்குக் காலையில் பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தபடியே கண் அசந்து, ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஓ.பி.யில் ஆயிரம் பேரிடம் கேட்ட ஒரு கேள்வியை, என் சொந்தச் சபையின் சகோதரியிடம் நான் கேட்கவில்லை. "ராத்திரி எப்படிப் போகுது?" அவ்வளவுதான் கேள்வி. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரே கேள்வியைப் பற்றியதுதான்.

1. தூக்கமின்மை என்றால் என்ன?

ஒரு நாள், இரண்டு நாள் தூக்கம் வராமல் போவது எல்லாருக்கும் உண்டு. பரீட்சை, கல்யாணம், சாவு என்றால் வீட்டில் யார் தூங்குவார்கள்? அது நோயல்ல.

படுத்து வெகு நேரம் தூக்கம் வராமல் இருப்பது, நடு ராத்திரியில் விழித்து மறுபடி தூங்க முடியாமல் போவது, விடிவதற்கு வெகு முன்னே முழிப்பு வந்துவிடுவது: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வாரத்தில் 3 ராத்திரியாவது வந்து, அது 3 மாதமாவது நீடித்து, பகலில் சோர்வு, எரிச்சல், மறதி, வேலையில் பிழை என்று தொந்தரவு செய்தால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தூங்க நேரமே கிடைக்காதது வேறு, நேரமிருந்தும் தூக்கம் வராதது வேறு. ஷிப்ட் முடிந்து வந்து சமைத்து, துவைத்து, நாலு மணி நேரமே படுக்கிற தாய்க்குத் தேவை மாத்திரை அல்ல, நேரம். ஆனால் எட்டு மணி நேரம் பாயில் கிடந்தும் கண் மூடாதவருக்கு வேறு உதவி தேவை. நம் ஊரில் பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

2. ஓ.பி. வரிசையில் நான் கண்டது

தூக்கம் வரவில்லை என்று சொல்லி சீட்டு வாங்குகிறவர் மிகக் குறைவு. தலைவலி என்பார்கள். கேஸ் என்பார்கள். கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் குறையவே இல்லை என்பார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் "ராத்திரி எப்படீங்க?" என்றால், சிலருக்குக் கண் கலங்கிவிடும். "அதெல்லாம் எங்கீங்க... தூங்கி வருசமாச்சு" என்பார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், நோயாளிகளோடு துணைக்கு வந்த ஆரோக்கியமான 1,050 பேரை விசாரித்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தூக்கமின்மை இருந்தது. துணைக்கு வந்தவர்களிலேயே இத்தனை பேர் என்றால், சீட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் நிலை என்ன!

3. தூக்கத்தைத் திருடுவது எது?

தூக்கமின்மை மனதுக்குள்ளே மட்டும் பிறப்பதில்லை. அது வீட்டிலும் தெருவிலும் கம்பெனியிலும் கடன் நோட்டிலும் பிறக்கிறது. நான் கண்ட வரையில் சொல்லுகிறேன்.

வேலை. சிப்காட் பஸ் விடியற்காலையிலும் வரும், நடு ராத்திரியிலும் வரும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி என்று மாறினால் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் குழம்பிப்போகும். லாரி டிரைவர், மில் தொழிலாளி, விசைத்தறி ஓட்டுகிறவர், ராத்திரியில் கரண்ட் வந்தால் மோட்டார் போட ஓடுகிற விவசாயி, வாய்க்கால் முறைத்தண்ணீருக்கு மண்வெட்டியோடு நிற்கிறவர், இவர்களெல்லாம் ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவர்கள். சென்னிமலைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு எத்தனையோ ஊர்கள் தூங்குகின்றன. அதை நெய்த கைகளுக்கு அந்தத் தூக்கம் கிடைத்ததா?

கடன். கந்துவட்டிக்கு எதிராக 2003ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. இருந்தும் வட்டி என்கிற வார்த்தை எத்தனை வீடுகளில் விளக்கணைந்த பிறகு விழித்துக்கொள்கிறது! பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருக்கும். படுத்தவுடன் கணக்கு ஓடும். "பூனை மாதிரி வந்து நெஞ்சு மேல உக்காந்துக்குதுங்க" என்று மஞ்சள் காட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா என்னிடம் சொன்னார்.

வீடு. ஒரே அறையில் ஆறு பேர். தகர ஓடு. மார்ச் முதல் ஜூன் வரை சுவரே அடுப்பு. கொசு. பக்கத்தில் தறிச் சத்தம். குடித்துவிட்டு வருகிற ஒருவர். இதில் யார் நிம்மதியாகக் கண்ணை மூட முடியும்?

பெண்கள், வயதானவர்கள், தனித்திருப்பவர்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக 8 நாடுகளில், 50 வயதுக்கு மேற்பட்ட 40,000க்கும் அதிகமானவர்களிடம் விசாரித்து 2012ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மகாராஷ்டிராவின் வடு என்கிற கிராமப் பகுதியும் அதில் ஒன்று. மொத்தத்தில் ஆறில் ஒருவர் ராத்திரித் தூக்கத்தில் கடுமையான தொந்தரவு இருக்கிறது என்றார். ஆண்களைவிடப் பெண்களிடமும், வயது ஏறியவர்களிடமும் அது அதிகம். படிப்புக் குறைவு, துணையில்லாத வாழ்க்கை, மனச்சோர்வு, பதட்டம் இவற்றோடும் அது சேர்ந்தே காணப்பட்டது. நம் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிற விதவைத் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு புரியும்.

இன்னொரு ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. குறைந்த வருமானமுள்ள 452 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டுகிற கருவியால் அளந்தார்கள். 2021ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் ஏறக்குறைய 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான்! சிலருக்குக் கட்டில், மெத்தை, ஃபேன், கண்மறைப்பு, காதடைப்பு கொடுத்தார்கள். தூக்கம் ஏறத்தாழ அரை மணி நேரம் கூடியது. ஆனால் வேலையிலோ வருமானத்திலோ முன்னேற்றம் காணவில்லை. வேலையிடத்தில் மத்தியானம் அமைதியான இடத்தில் அரை மணி நேரம் தூங்க விட்டபோதோ வேலையும் நன்றாக நடந்தது, மனமும் தெளிவாக இருந்தது. ராத்திரி முழுவதும் துண்டு துண்டாக உடைந்துகொண்டே இருந்தால், அதில் இன்னும் கொஞ்சம் நேரத்தைச் சேர்ப்பது மட்டும் போதாது என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்ளுகிறேன்.

ராஜாக்களுக்கும் தூக்கம் வராமல் போனதுண்டு. அகாஸ்வேரு ராஜாவுக்கு ஒரு ராத்திரி நித்திரை வராமல் போனதை எஸ்தர் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அவருக்கு நாளாகமப் புத்தகத்தை வாசித்துக் காட்ட ஆள் இருந்தது. மறுநாள் ஆறு மணி ஷிப்டுக்கு ஓட வேண்டியதும் இல்லை! எல்லாருக்கும் தூக்கம் கெடலாம். அதற்கு ஏழை கொடுக்கிற விலை அதிகம்.

4. தொடங்கியது ஒன்று, நீடிக்க வைப்பது வேறொன்று

ஸ்பீல்மேன் என்கிற அமெரிக்க நிபுணர் 1987ல் தூக்கமின்மைக்கு மூன்று படிகளைச் சொன்னார். முதலாவது, முன்னமே இருக்கிற சுபாவம். சிலர் இயல்பிலேயே லேசாகத் தூங்குகிறவர்கள், எதையும் நினைத்துக் கவலைப்படுகிறவர்கள். இரண்டாவது, தொடங்கி வைக்கிற சம்பவம். சாவு, கடன், நோய், வேலை போவது. மூன்றாவது, நாமே பழகிக்கொண்டு அதை நீடிக்க வைக்கிற பழக்கங்கள். தூக்கம் வரட்டும் என்று எட்டு மணிக்கே படுப்பது, பகலில் மணிக்கணக்கில் தூங்குவது, கடிகாரத்தையே பார்ப்பது, டீ மேல் டீ குடிப்பது, மாத்திரை போடுவது.

இதனால்தான் கடன் தீர்ந்த பிறகும் சிலருக்குத் தூக்கம் திரும்புவதில்லை. நெருப்பு வைத்தவன் போய்விட்டான். நாம் விறகு போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை அட்டையைப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "எந்தெந்த ராத்திரி கண்ணு ரொம்ப மோசம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "திங்கக்கெழமைங்க்கா. திங்கக்கெழமைன்னா சுத்தமா இல்லீங்க" என்றாள். ஏன் திங்கட்கிழமை? செவ்வாய்க்கிழமை காலையில் குழுக் கடன் தவணை! மூன்று இடத்தில் வாங்கியிருந்தாள், மகள் படிப்புக்கு. ஒருத்தி கட்டவில்லையென்றால் தெருப் பெண்கள் எல்லாரும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்களாம். கணவருக்கு ஒரு கடன்தான் தெரியும்.

விசுவாசக் குறைவா இது? செவ்வாய்க்கிழமையைப் பற்றிய பயம்! ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

5. இவைகளைச் செய்யாதிருங்கள்

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை டாக்டர் சீட்டோடு, கொஞ்ச நாளைக்கு மட்டும் எடுக்க வேண்டியவை. பழகிவிட்டால் அளவு கூடிக்கொண்டே போகும். வயதானவர்கள் ராத்திரியில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. மாதக்கணக்கில் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர் சொல்படி கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். "ஜெபிச்சாச்சு, மாத்திரையைத் தூக்கி எறி" என்று யாரிடமும் சொல்லாதிருங்கள்.

தூக்கத்துக்காகக் குடிப்பதும் அப்படியே. முன்ராத்திரியில் மயக்கும், பின்ராத்திரியில் எழுப்பிவிடும்.

தூக்கம் வராதவரிடம் "பாவம் ஏதாவது இருக்கா பாரு" என்று சொல்லாதிருங்கள். ஏற்கெனவே விழித்திருக்கிறவருக்குக் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படித் தூங்குவார்?

6. இவைகளைச் செய்யுங்கள்

மாத்திரையில்லாமல் பழக்கங்களையும் எண்ணங்களையும் சரிசெய்கிற பயிற்சியைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது. அதில் வீட்டிலேயே தொடங்கக்கூடியவை:

ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். முந்தின ராத்திரி தூங்காவிட்டாலும் அப்படியே.

கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். சுமார் 20 நிமிஷம் ஆகியும் வரவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். சத்தமில்லாமல் வாசிக்கலாம், மனதுக்குள் ஜெபிக்கலாம். சொக்கும்போது திரும்பப் படுங்கள். பாய் என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்.

கவலைகளையும் நாளைக்குச் செய்ய வேண்டியதையும் சாயங்காலமே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கணக்கு நோட்டில் இருந்தால் நெஞ்சில் பாரம் குறையும்.

மத்தியானத்துக்குமேல் டீ, காபி வேண்டாம். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவருக்கு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக் கொடுங்கள். பிள்ளைகளை அடுத்த வீட்டில் விளையாட விடுங்கள். அவர் தூங்குவது சோம்பேறித்தனமல்ல.

சில அடையாளங்கள் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பெருங்குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும். படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, இது இரத்தசோகையாலும் வரலாம். ராத்திரியில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது, சுகர் இருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, வாழ்க்கையே வெறுத்துப்போகிற மாதிரி இருப்பது. மனச்சோர்வு இல்லாதவர்களிலும் தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வருகிற வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011ல் கண்டிருக்கிறார்கள். செத்துப்போகலாம் என்கிற எண்ணம் வந்தால் ஒரு ராத்திரிகூடத் தனியாக விடாதிருங்கள்.

இன்னொன்றையும் பயத்தோடு சொல்லுகிறேன். ஒருவர் நாட்கணக்கில் தூங்காமல், அசதியே இல்லாமல், ஓயாமல் பேசி, கையிலிருப்பதையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தால், அதை உடனே அபிஷேகம் என்று சொல்லிவிட வேண்டாம். அது சிகிச்சை தேவைப்படுகிற மனநோயாக இருக்கலாம். குடும்பத்தாரோடு பேசி டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பெருந்துறை சானடோரியம் என்று நாம் சொல்லுகிற வளாகத்தில் இப்போது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மனநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போகிற மாதிரித்தான் இதுவும்.

7. சபை என்ன செய்யலாம்?

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியாவைப் பாருங்கள். பயந்து ஓடி, சாக வேண்டும் என்று கேட்டு, சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டான். தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணினானா? விசுவாசம் எங்கே என்று கேட்டானா? இல்லை! அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதையும் தடுக்கவில்லை. திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். தூக்கமும் சாப்பாடும் முதலில், பேச்செல்லாம் பிறகு. இத்தனை வருஷம் நான் வாசித்த அதிகாரம்தான். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் அவளோடு உட்கார்ந்து மூன்று கடனையும் நோட்டில் எழுதினார்கள். கணவரிடம் சொல்லும்போது நாங்கள் கூட இருந்தோம். கோபப்பட்டார், பிறகு அழுதார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல" என்றார். அன்றைக்கு ராத்திரி அவள் வெகு நாளைக்குப் பிறகு ஐந்து மணி நேரம் தூங்கினாளாம். டாக்டர் மாத்திரையைக் குறைத்து நிறுத்த மாதங்கள் ஆயின. ஒரு கடன் முடிந்தது, இரண்டு நடக்கிறது. இன்னும் சில திங்கட்கிழமைகளில் முழிப்புதான். ஆனால் இப்போது தனியாக விழித்திருக்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு போன் வரும்: "நேத்தும் தூங்கலீங்க்கா." நானும் இப்போது உடனே வசனத்தைத் தேடுவதில்லை. "காலைல என்ன சாப்பிட்ட கண்ணு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

முழு இரவு ஜெபத்தைப் பற்றி ஊழியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களையும், தூக்கமின்மைக்குச் சிகிச்சை எடுக்கிறவர்களையும் வற்புறுத்த வேண்டாம். வந்தவர்களும் விடிந்தவுடன் தூக்கக் கலக்கத்தில் பைக் எடுக்க வேண்டாம். கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகட்டும். ஆலயத்தில் பாய் இருக்கிறது!

வீட்டுக் கூட்டத்தில் சிந்திக்க:

1. என் வீட்டில் கடைசியாகப் படுத்து முதலாவதாக எழுகிறவர் யார்? அவருக்கு ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கொடுக்கலாம்?

2. என் தூக்கத்தைக் கெடுத்தது எது? இப்போது அதை நீடிக்க வைக்கிற என் பழக்கம் எது?

3. தூக்கம் வரவில்லை என்று சொன்ன யாருக்காவது நான் யோசிக்காமல் பதில் சொன்னேனா? அவரிடம் திரும்பப் போய் என்ன கேட்பேன்?

4. ராத்திரியில் விழித்திருக்கிற ஒருவர் கூப்பிட்டுப் பேச நம் சபையில் யார் இருக்கிறார்கள்?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதிருங்கள். "ராத்திரி எப்படிப் போகுதுங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.